இரும்பில்லாத இயந்திரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக்குப் பஞ்சமில்லை. பழைய இரும்பும் ஸ்பாஞ்சு இரும்பும் ஒரு வாசல் வழியாக உள்ளே போகின்றன. உருகி, பில்லட்டாக வார்க்கப்பட்டு, உருளைகளுக்கிடையே நசுங்கி, மறு வாசலில் டிஎம்டி கம்பியாக வெளியே வருகின்றன. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிஃப்ட். லோடு ஏற்றிய லாரி எடைமேடையை விட்டு இறங்கியதும் அதற்குச் சில தாள்கள் வேண்டும். முதலில் எடைச்சீட்டு. பிறகு ஜிஎஸ்டி பில். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை, 2023 ஆகஸ்ட் 1 முதல், அரசின் தளத்தில் பதிந்து 64 எழுத்து நீள ஐஆர்என் எண்ணும் கியூஆர் கோடும் வாங்கியாக வேண்டும். அதன் மேல் ஈ-வே பில். கம்பி எந்த உருக்கில் பிறந்தது என்று சொல்லும் ஹீட் நம்பரோடு டெஸ்ட் சர்டிபிகேட். வடக்கே சில கிலோமீட்டரில் எளாவூர் சோதனைச்சாவடி, அதற்கு அப்பால் ஆந்திரம். தாள் கைக்கு வராமல் எந்த டிரைவரும் சாவியைத் திருப்பமாட்டார்.

இந்தத் தாள்களை அடிக்கும் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டால், அலுவலக மூலையில் இருக்கும் ஏசி அறையைத் திறந்து ஒரே ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். அந்தப் பெட்டிக்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. ஒன்றில் விண்டோஸும் கணக்குப் பிரிவும், ஒன்றில் ஃபைல்கள், ஒன்றில் வருகைப்பதிவு. நான்காவதில் லினக்ஸ்: எடைமேடையும் பில்லிங்கும் அதில்தான். நான்கில் எதையும் தொட முடியாது, தட்டி எழுப்ப முடியாது, பின்பக்கம் போய் ஒயரைப் பிடுங்கிச் சொருக முடியாது. பெயர் சொல்லாத ஓர் ஆலையை நான் இங்கே வரைகிறேன். இந்த வட்டாரத்து நடுத்தர உருட்டாலைகள் பலவற்றின் சாயல் அதில் இருக்கும். அந்த நான்காவது கம்ப்யூட்டரை ஒருவர் நாள்தோறும் எப்படிப் பராமரிக்கிறார், அந்த வேலைகளுக்கு அடியில் என்ன அறிவியல் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயம்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓடவிடும் எண்ணம் புதிதல்ல. 1960களில் ஐபிஎம் நிறுவனம் தன் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் சிபி-67 என்ற அமைப்பை உருவாக்கியது. கோடிக்கணக்கில் விலைபோன ஒரே மெயின்ஃபிரேமைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த, ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் போன்ற தோற்றத்தை அது கொடுத்தது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அது வெளிவந்தது. 1974-ல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்கும் இதற்கான இலக்கணத்தை எழுதினார்கள். உள்ளே ஓடும் நிரல் உண்மையான இயந்திரத்தில் ஓடுவது போலவே ஓட வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் நேராகச் செயலியிலேயே ஓட வேண்டும். ஆனால் வளங்கள் மீதான பிடி எப்போதும் வெளியே இருக்கும் மேற்பார்வை நிரலிடமே இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் கடினம். உள்ளே ஓடும் லினக்ஸ் தன்னை முதலாளி என்று நினைத்துக்கொண்டு, நினைவகத்தின் வரைபடத்தை மாற்று, குறுக்கீடுகளை நிறுத்து என்று செயலிக்கு ஆணையிடும். அந்த நொடியில் செயலி அதை நிறுத்திவிட்டு, மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். நம் மேசைகளில் இருந்த இண்டெல் வகைச் செயலிகளில் பதினேழு கட்டளைகள் இந்த ஒழுங்குக்கு உட்படவில்லை. அவற்றுள் சில, அதிகாரம் இல்லாதவர் சொன்னால் புகார் எதுவும் சொல்லாமல் பாதி வேலையை மட்டும் செய்துவிட்டுப் போய்விடும். வெளியே இருப்பவருக்குத் தகவலே வராது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே வரிவரியாகத் திருத்தி இந்தப் பள்ளத்தைத் தாண்டியது. 2005-லும் 2006-லும் இண்டெல், ஏஎம்டி இரண்டும் செயலிக்குள்ளேயே இதற்கு வழி செய்தன. அதைப் பிடித்துக்கொண்டு அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருநிரலின் 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. நம் ஆலையின் பெட்டியில் ஓடுவது அதுதான். பிராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருளின் உறைக்குள் இருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி உரிமக் கட்டணங்களை மாற்றிய பிறகு, சிறு நிறுவனங்கள் பல இந்தப் பக்கம் திரும்பின.

ஆக, உள்ளே இருக்கும் லினக்ஸ் ஒரு பாவனைக்குள் வாழ்கிறது. தனக்கென்று ஒரு செயலி, ஒரு வட்டு, ஒரு கடிகாரம் இருப்பதாக அதற்குக் காட்டப்படுகிறது. இன்றைய லினக்ஸ் அவ்வளவு அப்பாவி அல்ல. 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்று கேட்டால் 'கேவிஎம்' என்று தயங்காமல் பதில் சொல்லும். ஆனால் தெரிந்துகொண்டே நடிப்பவருக்கும் மேடை சரிந்தால் அடிபடும். இத்தகைய இயந்திரத்தை நிர்வகிப்பதற்கான கையேடுகள் நூறு கட்டளைகளை வரிசைப்படுத்துகின்றன. என் பார்வையில் அந்த வேலைகளில் முக்கியமானவை எல்லாம், இந்தப் பாவனை எங்கெங்கே ஒழுகுகிறதோ அங்கங்கே பாத்திரம் வைக்கும் வேலைகள்தாம்.

உள்ளே நுழைவதிலிருந்து தொடங்கலாம். திரையும் விசைப்பலகையும் இல்லாத இயந்திரத்துக்குள் நுழைய எஸ்எஸ்எச்தான் வழக்கமான வாசல். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் அதற்குப் பதிலாக எழுதிய நிரல் அது. 22 என்ற கதவெண்ணை அவர் மின்னஞ்சலில் கேட்டு வாங்கினார். அந்த எண் உலகத்துக்கே தெரியும் என்பதால், 22-ஐ இணையத்துக்கு நேராகத் திறந்துவைத்த எந்த இயந்திரத்தையும் சில நிமிடங்களுக்குள் யாராவது தட்டத் தொடங்கிவிடுவார்கள். தட்டுவது மனிதர்கள் அல்ல, 'அட்மின்', 'டெஸ்ட்', '123456' என்று சலிக்காமல் முயலும் நிரல்கள். கடவுச்சொல்லை அணைத்துவிட்டு, சாவி இணையை மட்டும் ஏற்கும்படி மாற்றினால் அந்தத் தட்டல் வெறும் சத்தமாகிவிடும். சாவி இணையில் ஒரு பாதி இயந்திரத்தில் பகிரங்கமாக இருக்கும். மறு பாதி உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போகவே போகாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஆலைக்குள்ளேயே இருக்கிறது. ரூட் என்ற முழு அதிகாரக் கணக்குக்குக் கடவுச்சொல் ஒன்று. அது இடிபி செக்‌ஷன் பீரோவின் உட்புறக் கதவில் ஒட்டியிருக்கும். மென்பொருளைப் போட்டுக்கொடுத்து வேலையை விட்டுப் போன இன்ஜினியருக்கும் தெரியும், எடைமேடை சர்வீஸ்காரருக்கும் தெரியும். நாளைக்கு ஒரு ஃபைல் காணாமல் போனால், பதிவேட்டில் 'ரூட் செய்தார்' என்று மட்டும் இருக்கும். ரூட் யார்? எல்லோரும்தான். 1980-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த சுடோ இதற்கான மருந்து. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. தேவைப்படும் ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரம். எடுத்தவர் பெயரும் நேரமும் பதிவில். ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் கணக்கைப் பூட்டுவது ஒரு வரிக் கட்டளை. செட்டில்மெண்ட் தாளில் ஹெல்மெட்டும் அடையாள அட்டையும் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்கும் ஆலைகள், இந்த வரியையும் அந்தத் தாளில் சேர்க்கலாம்.

இனி நேரம். பாவனை மிக மோசமாக ஒழுகும் இடம் இதுதான்.

உண்மையான கம்ப்யூட்டரில் குவார்ட்ஸ் படிகம் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். இயங்குதளம் துடிப்பை எண்ணி நேரம் அறியும். மெய்நிகர் இயந்திரத்துக்குப் படிகம் இல்லை. வெளியே இருக்கும் பெட்டி அனுப்பும் துடிப்பைத்தான் அது எண்ண வேண்டும். ஆனால் துடிப்பு வரும் கணத்தில் அதன் முறை வராமல், செயலியில் பக்கத்து இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால்? எண்ணிக்கை தவறும். தொடக்கக் கால மெய்நிகர் இயந்திரங்களின் கடிகாரங்கள் வேலைப் பளு கூடக்கூடப் பின்தங்கியது இதனால்தான். கேவிஎம்மில் இதற்குச் சுற்றுவழி உண்டு: வெளியே இருக்கும் பெட்டி, இருவரும் பார்க்கக்கூடிய ஒரு நினைவகப் பக்கத்தில் நேரத்தை எழுதிவைக்கும், உள்ளே இருப்பது எண்ணுவதை விட்டுவிட்டு அதைப் படித்துக்கொள்ளும்.

அப்போதும் இயந்திரத்தை இடையில் உறையவைத்துப் பிறகு எழுப்பினால் அது பழைய நேரத்தில் கண் விழிக்கக்கூடும். அதைத் திருத்துவது குரோனி போன்ற நிரலின் வேலை. அது பேசும் என்டிபி நெறிமுறையின் முதல் வரையறையை டேவிட் மில்ஸ் 1985-ல் வெளியிட்டார். குரோனி கடிகாரத்தைத் தடாலென்று தள்ளாது. சற்றே வேகமாக ஓடவைத்து மெல்லப் பிடிக்கும். காரணம் இருக்கிறது. நேரம் பின்னால் குதித்தால், 214-ஆம் பில்லுக்கு 213-ஐ விட முந்தைய நேரம் விழும், தரவுத்தளம் குழம்பும். ஆனால் இயல்பான அமைப்பில் அது ஓட்டத்தை ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு வரைதான் மாற்றும். ஒரு மணி நேரம் உறைந்து எழுந்த இயந்திரம் சரியான நேரத்துக்கு வர அரை நாள் ஆகும் என்று அர்த்தம். எழுப்பியவர் கையோடு குரோனிக்கு 'மேக்ஸ்டெப்' என்று ஒரு கட்டளை கொடுத்து ஒரே எட்டில் தாண்டவைப்பது நல்லது.

நேர மண்டலத்தின் கதை தனி. பெரும்பாலான லினக்ஸ் இயந்திரங்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பிறக்கின்றன. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? இரவு ஷிஃப்டில் பன்னிரண்டு மணிக்கு மேல் போகும் ஒவ்வொரு லாரியின் பில்லிலும் நேற்றைய தேதி விழும். மென்பொருளை எழுதியவர் இயந்திரத்தின் தேதியை அப்படியே எடுத்திருந்தால், காலை ஐந்தரை வரை இதே கதைதான். ஆண்டில் முந்நூற்று அறுபத்து நான்கு இரவுகள் இது யார் கண்ணிலும் படாமல் போகலாம். மார்ச் 31 இரவு படும். ஆலைக்கு ஏப்ரல் 1 பிறந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பழைய நிதியாண்டே இன்னும் முடியவில்லை. பில் எண் வரிசை புதிதாகத் தொடங்க வேண்டிய நேரத்தில் பழைய வரிசையில் ஐந்தாறு பில்கள் ஐஆர்என் வாங்கிக்கொண்டு போய்விடும். ஆடிட்டர் கேட்கும்போது சொல்வதற்குப் பதில் இருக்காது.

இதே கோளாறு கிரானிலும் வரும். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட வேலையைச் செய்ய யூனிக்ஸ் காலத்திலிருந்து இருக்கும் நிரல் அது. எல்லாரும் தூங்கும் நேரம் என்று நினைத்து பேக்கப்பை இரவு 2 மணிக்கு வைத்திருப்பார்கள். யூடிசியின் 2 மணி நமக்குக் காலை 7.30. முதல் ஷிஃப்டின் லாரிகள் எடைமேடையில் வரிசை கட்டும் நேரத்தில், வட்டு முழுக்க பேக்கப்புக்காக ஓடிக்கொண்டிருக்கும். "சார், சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, டிரைவருங்க கத்துறாங்க" என்று தினமும் ஒரே நேரத்தில் போன் வந்தால், முதலில் 'டைம்டேட்சிடிஎல்' போட்டுப் பார்க்க வேண்டும்.

சர்வர்களை யூடிசியிலேயே வைக்க வேண்டும் என்று பாடநூல்கள் அழுத்திச் சொல்லும். பல நாடுகளில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றுவதால் வந்த எச்சரிக்கை அது. இந்தியாவில் இன்று அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஊரில் ஒரே ஆலைக்கு ஓடும் இயந்திரத்தில் 'ஏஷியா/கொல்கத்தா' என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கட்சி. (1906-க்கு முன்னால் இந்திய ரயில்கள் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அது நீடித்திருந்தால் கிரீன்விச்சிலிருந்து 5 மணி 21 நிமிடம் என்று கிரானில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.)

நேரத்துக்குச் சட்டமும் இருக்கிறது. கணினி அவசரநிலைகளுக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்கச் சொல்கிறது. பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், ஊடுருவல் போன்ற சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வாசல் கேமராவின் நேரமும் பில்லிங் இயந்திரத்தின் நேரமும் பதினோரு நிமிடம் விலகியிருந்தால், 180 நாள் பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்த லாரி எப்போது போனது என்று நிரூபிக்க முடியாது.

180 நாள் பதிவேடு என்றதும் வட்டு நினைவுக்கு வருகிறது. லினக்ஸ் இயந்திரங்களில் வேலை நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று, வட்டு நிறைந்துவிடுவது. எடைமேடையின் இண்டிகேட்டர் நொடிக்குப் பலமுறை எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வாங்கும் நிரல் ஒவ்வொன்றையும் பதிவுக் கோப்பில் எழுதினால் ஒரு மழைக்காலத்துக்குள் பல ஜிகாபைட் சேரும். வட்டு நிறைந்ததும் இயந்திரம் சாகாது. பில் அடிக்கும்போது மட்டும் புரியாத பிழை வரும், அச்சுக்குப் போன தாள் பாதியில் நிற்கும். உள்ளே நுழைந்து 'டிஎஃப்' என்று கேட்டால் நூறு சதவீதம் என்று சொல்லும். நிறைந்த வட்டிலும் ரூட்டாக வேலை பார்க்க ஒரு முன்யோசனை உதவுகிறது: லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறை ஐந்து சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது.

சரி, பெரிய பதிவுக் கோப்பைக் கண்டுபிடித்து அழித்தாயிற்று. மறுபடி 'டிஎஃப்'. இன்னும் நூறு சதவீதம். புதிதாக வேலைக்கு வந்தவர்களை வெலவெலக்கவைக்கும் இடம் இது. யூனிக்ஸ் வழியில் வந்த கோப்பு முறைகளில் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பின் உண்மையான உடல் ஐநோடு என்ற பதிவில் இருக்கிறது. பெயர் அதைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. அழிக்கும் கட்டளை பெயரை நீக்குகிறது. கடைசிப் பெயரும் போய், அந்தக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடினால்தான் இடம் விடுபடும். எடை நிரல் இன்னும் அதைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டே இருக்கிறது, பெயரில்லாத கோப்பில். 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை அந்த ஆவியைக் காட்டிக்கொடுக்கும். நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் கிடைக்கும். பதிவேடுகளை நாள்தோறும் மடித்துச் சுருக்கி, காலம் கடந்ததை நீக்கும் 'லாக்ரொட்டேட்' நிரல் இதே காரணத்தால்தான் கோப்பை மாற்றிய கையோடு, எழுதும் நிரலிடமும் சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்லும் வரியை அமைப்பில் எழுத மறந்தவர்கள் பலர்.

இதுவரை சொன்னது எந்த லினக்ஸுக்கும் பொருந்தும். மெய்நிகர் வட்டுக்கு இன்னொரு படி இருக்கிறது. இயந்திரத்துக்கு 500 ஜிபி என்று காட்டியிருப்பார்கள். உண்மையில் எழுதும்போதுதான் பெட்டி இடம் ஒதுக்கும். நான்கு இயந்திரங்களுக்கும் சேர்த்து 2,000 ஜிபி வாக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியில் 1,200 மட்டும் வைத்திருப்பது சகஜம். முந்நூறு இலைக்குச் சமைத்துவிட்டு ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை வைக்கும் கல்யாண வீடு போல, எல்லோரும் ஒரே பந்தியில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. வந்துவிட்டால்? உள்ளே 'டிஎஃப்' பாதிதான் நிறைந்திருக்கிறது என்று சத்தியம் செய்யும். ஆனால் எழுதப் போனால் பிழை வரும், சில நேரம் இயந்திரமே உறையும். உள்ளிருந்து எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. வெளியே வந்து பெட்டியின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வேகத்திலும் இதே இரட்டைக் கணக்கு. 'டாப்' கட்டளையின் மூன்றாவது வரியில் செயலியின் நேரம் எப்படிச் செலவாகிறது என்று சதவீதங்கள் வரும். வரிசையின் கடைசியில் 'எஸ்டி' என்று ஓர் ஈரெழுத்துச் சுருக்கம். ஓட நான் தயாராக இருந்தேன், ஆனால் வெளியே இருப்பவர் என் முறையைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார் என்பதே அதன் பொருள். திருடப்பட்ட நேரம். உண்மையான இயந்திரத்தில் இது எப்போதும் பூஜ்யம்தான். நம் இயந்திரத்தில் அது இரட்டை இலக்கத்துக்கு ஏறினால், பில்லிங் மென்பொருளைத் திட்டுவதில் பயனில்லை. பக்கத்து விண்டோஸில் யாரோ மாதக் கடைசி ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருப்பார்.

நினைவகத்தில் நேரெதிரான பயம். 'ஃப்ரீ' போட்டுப் பார்த்தவர்கள், காலியிடமே இல்லை என்று அலறுவார்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வீணாக்காது. வட்டிலிருந்து படித்ததையெல்லாம் அங்கே வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் உடனே காலிசெய்து கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற கடைசி எண். அதுவும் வற்றினால் கருநிரல் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். பெரும்பாலும் பலியாவது அதிக நினைவகம் வைத்திருக்கும் தரவுத்தளம். அதாவது, காப்பாற்ற வேண்டியதே போகும்.

நிரல் செத்தால் எழுப்புவது, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் பொறுப்பு. இங்கே ஒரு சின்ன வேறுபாடு பெரிய தொல்லை தரும். 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடு. 'எனேபிள்' என்றால் இயந்திரம் எழும்போதெல்லாம் ஓடு. முதலாவதை மட்டும் செய்த சர்வீஸ் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஒரு ராத்திரி மின்வெட்டில் யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து பெட்டி அணைந்து எழுந்த பிறகுதான் அது இல்லாதது தெரியும். எனவே எதை நிறுவினாலும், ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தை வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும். இதற்கு முதலாளியிடம் அனுமதி வாங்குவது கட்டளைகளைக் கற்பதைவிடக் கடினம்.

புதுப்பித்தல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்ய வேண்டும், அவ்வளவுதான். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்தது. நன்றாக ஓடுகிறதே என்று அதை அப்படியே விட்டிருக்கும் ஆலைகளுக்கு, அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டைக்கும் இலவச அடைப்பு வராது. ஆனால் புதுப்பித்தலே ஆபத்தாகவும் வரலாம். 2024 மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனை இயந்திரத்தில் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைப் பார்த்தார். விடாமல் துருவியதில், எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக்கதவை நுழைத்திருந்தது வெளிப்பட்டது. புதுசு எது வந்தாலும் அன்றே பாயாமல் டெபியன், உபுண்டு போன்றவற்றின் நிலையான பதிப்புகளில் இருந்தவர்களை அது எட்டவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமாகவே நிறுவவிட்டு, பெரிய பதிப்பு மாற்றங்களை நிதானமாகச் செய்வது இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே இருக்கும் பாதை.

பாவனை முற்றிலும் முடிகிற இடம் அந்த ஏசி அறை. நான்கு இயந்திரங்களுக்கும் உடல் ஒன்றே. தூண்டல் உலைகள் மின்சாரத்தை இழுக்கும் விதத்தில் மின் அலையே கோணலாகும். யூபிஎஸ் அதைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. இரும்புத் தூள் கலந்த தூசி மின்சாரத்தைக் கடத்தும். கதவிடுக்கில் நுழைந்து மின்விசிறிகளில் படியும். எந்த லினக்ஸ் கட்டளையும் உள்ளிருந்து இதைச் சொல்லாது. 'வேண்டாம், மேகத்துக்கே போய்விடலாம்' என்று பெட்டியைக் கைவிடுபவர்களும் இறுதியில் இன்னொரு கட்டடத்துக்குத்தான் போகிறார்கள். சென்னையின் அம்பத்தூரில் இன்று பெரிய தரவு மையங்கள் நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்திய மண்டலம் 2015 முதல் சென்னையில் இயங்குகிறது. அதே சென்னையில்தான் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையேறியது. கடலடி கேபிள் சேதத்தால் இணைய வேகம் குறைந்ததாக ஏர்டெல் அறிவித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. ஒரு பிரதி கும்மிடிப்பூண்டியிலும் மற்றொன்று அம்பத்தூரிலும் இருந்தால், இரண்டையும் ஒரே புயல் ஒரே இரவில் தொடும். அஷூரே தன் சென்னை மண்டலத்துக்கு இணையாகப் புனேயைத்தான் வைத்திருக்கிறது.

பேக்கப்பில் எல்லாரும் விழும் குழி ஸ்னாப்ஷாட். ஒரு சொடுக்கில் இயந்திரத்தின் இந்தக் கணத்து நிலையைப் பிடித்துவைக்கலாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் அங்கே திரும்பலாம். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் எடுப்பதற்கு அருமையான வசதி. ஆனால் அது முழுப் பிரதி அல்ல. பெரும்பாலான அமைப்புகளில் பழைய வட்டை அசையாமல் வைத்துக்கொண்டு, புதிய மாற்றங்களைத் தனியே எழுதும் ஏற்பாடு. வட்டு செத்தால் ஸ்னாப்ஷாட்டும் சாகும். அழிக்க மறந்த ஸ்னாப்ஷாட் மாதக்கணக்கில் வளர்ந்து, மேலே சொன்ன பந்தியில் கூடுதல் இலை போட்டு உட்காரும். இன்னொன்று, தரவுத்தளம் பாதி எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் பிடித்த படம் மின்வெட்டில் நின்ற இயந்திரத்துக்குச் சமம். பெரும்பாலும் மீளும், எப்போதும் மீளும் என்று சொல்ல முடியாது. எனவே தரவுத்தளத்தை அதன் சொந்தக் கருவியால் தனியே எடுத்து, வேறு வட்டுக்கும் வேறு ஊருக்கும் அனுப்ப வேண்டும்.

அனுப்பியது திரும்பி வருமா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் களைப்பில், தவறான சர்வரில் இருந்துகொண்டு தரவுத்தள அடைவை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன; அவசரத்துக்கு ஒன்றும் உருப்படியாக உதவவில்லை. வழக்கமான டம்ப் பல நாட்களாகவே ஓடவில்லை. அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. அந்தப் பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. நிறுவனம் அத்தனையையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது.

நம் ஆலைக்கு இதில் பாடமாக எடுத்துக்கொள்ள எளிய பயிற்சி ஒன்று இருக்கிறது, மெய்நிகர் இயந்திரம் என்பதாலேயே அது எளிது. அதே பெட்டியில் ஐந்தாவதாக ஒரு காலி இயந்திரத்தை உருவாக்கலாம். இரும்பு வாங்க வேண்டாம். வலையமைப்பிலிருந்து துண்டித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது எடைமேடையோடு பேசி இரட்டைப் பில் போடும். வெளியூரில் இருக்கும் பிரதியை அதில் இறக்கி, நேற்றிரவுக் கடைசி லாரியின் பில்லைத் திரையில் வரவைக்க வேண்டும். தொடங்கிய நேரம், பில் வந்த நேரம் இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். அது நாற்பது நிமிடமா நான்கு மணி நேரமா என்பதைப் பொறுத்துத்தான், அச்சிட்ட பில் புத்தகம் ஒன்றை எடைமேடை அறையில் வைப்பதா என்று டெஸ்பாட்ச் செக்‌ஷன் முடிவு செய்ய முடியும். கையால் எழுதும் அந்தப் பில்களை மின்சாரமும் இணையமும் திரும்பியதும் யார் உட்கார்ந்து பதிந்து ஐஆர்என் வாங்குவது என்பதையும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.